எந்தப் புத்தகத்திலும் இல்லாத உரிமையாளர்



நிலத்தைப் பற்றிப் பேச மேடையேறினால் ராஜராஜன் காலத்து அளவுகோலில் தொடங்குவது நம் வழக்கம். இன்று அதற்கு விடுமுறை. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள்கூடத் தம் வீட்டு மனையின் புல வரைபடத்தைப் படிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்; நான் பேச வந்தது அந்த வரைபடம் இருக்கும் உலகத்தைப் பற்றி. நிலத்தைப் பற்றிய அரசு ஆவணங்களில் எதை, எங்கே தேடுவது, தேடியும் கண்ணில் படாமல் போவது எது என்பதுதான் தலைப்பு.

பத்திரக் கட்டுடன் வழக்கறிஞரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உட்காரும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "ஈசி போட்டுப் பார்த்துட்டோம் சார், சுத்தமா இருக்கு. பட்டாவும் அவர் பேர்லதான் இருக்கு. நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்துட்டா அட்வான்ஸ் கொடுத்துடலாம்." ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, சுத்தம் என்றால் சொத்து சுத்தம், பட்டாவில் பெயர் இருப்பவர்தான் சொந்தக்காரர் என்ற இரண்டு நம்பிக்கைகள் இதில் இருக்கின்றன. சட்டம் இரண்டையும் ஏற்பதில்லை.

இந்தியாவில் 'இந்த நிலம் இன்னாருடையது' என்று அரசு பொறுப்பேற்றுச் சொல்லும் பதிவேடு பொதுவாகக் கிடையாது. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமை. அத்தகைய முறைக்கு நாமும் மாறலாம் என்று டி.சி. வாத்வா 1989இல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ராஜஸ்தான் 2016இல் நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்று வழங்க ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் நமக்கு இருப்பவை இரண்டு துறைகள்: பத்திரத்தைப் பதியும் பதிவுத்துறை, வரிக்காகக் கணக்கு வைத்திருக்கும் வருவாய்த்துறை. முன்னதற்கு எந்தப் பத்திரம் எப்போது எழுதப்பட்டது என்பது தெரியும். பின்னதற்கு நிலம் எங்கே, எவ்வளவு, யார் பெயரில் தீர்வை என்பது தெரியும். உரிமையாளர் யார் என்று இரண்டுமே சொல்வதில்லை. நாம்தான் இரண்டையும் சேர்த்து வாசித்து ஒரு முடிவுக்கு வரவேண்டும். அந்த முடிவு தவறு என்று நாளை ஓர் உரிமையியல் நீதிமன்றம் சொல்லலாம்.

விற்பவர் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒரு விதி சேர்த்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே அல்ல என்பது தீர்ப்பின் சாரம். பலர் பதறினார்கள், இனி யாரும் யார் நிலத்தையும் விற்கலாமா என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பதற்றம் இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. பதிவு முத்திரை விழுந்துவிட்டால் உரிமை வந்துவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பட்டாவும் அப்படியே. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவது வரி வசூலுக்கான ஏற்பாடு, அதனால் உரிமை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டாவை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. பட்டா இல்லாத பத்திரம் வைத்திருப்பவரின் அலைச்சலை இந்த அவையில் பலர் அனுபவித்திருப்பீர்கள்.

இனி ஈசிக்கு வருகிறேன். அதில் வரும் பதிவுகளை எல்லோரும் படிக்கிறார்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. அந்தச் சான்றின் படிவத்திலேயே இரண்டு செய்திகள் உண்டு. தேடுதல் இயன்ற அளவு கவனமாகச் செய்யப்பட்டாலும், பிழை நேர்ந்தால் துறை பொறுப்பேற்காது என்பது ஒன்று. மற்றதுதான் முக்கியம். விண்ணப்பதாரர் சொத்தை எப்படி விவரித்தாரோ அந்த விவரத்தைக் கொண்டே தேடியிருக்கிறோம்; அதே சொத்து வேறு பத்திரத்தில் வேறு விதமாக விவரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பத்திரம் இதில் வராது என்கிறது அது. சான்று சொல்வது, நீங்கள் கொடுத்த எண்ணைப் போட்டுப் பார்த்ததில் என்ன வந்தது என்பதை மட்டும்தான். ஆகவே தேடலின் தரம் நீங்கள் கொடுக்கும் எண்ணின் தரம்.

அந்த எண் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் நம் ஊர் நிலங்களின் தலையெழுத்து. தாத்தா காலத்துப் பத்திரத்தில் 'பைமாஷ் நம்பர்' என்று ஒன்று இருக்கும். அது பழைய அளவையின் எண். 1858க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் சங்கிலி பிடித்து முறையாக அளந்து, நிலவரித் திட்டத்தோடு சர்வே எண் கொடுத்தார்கள். மறு நிலவரித் திட்டம் வந்தபோது பல கிராமங்களில் எண் மீண்டும் மாறியது. ஜமீன் கிராமங்களில் பெரும்பாலும் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி அளவையே வந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் படிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிறகு 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர்., அதாவது நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். உட்பிரிவுகள் முளைத்தன, ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர் வந்தது, பட்டா எண்கள் புதிதாயின. அந்தக் கிராமம் நகராட்சிக்குள் வந்துவிட்டால் டவுன் சர்வே: வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் என்று முற்றிலும் வேறு முகவரி. இடையில் 1980 நவம்பரில் கர்ணம் என்ற கிராமக் கணக்கர் பதவிகளை அரசு ஒழித்தது. கொள்கை அளவில் அது சரியான முடிவு. ஆனால் எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்பதை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு தலைமுறையும் அதோடு வீட்டுக்குப் போய்விட்டது.

எண்களை நானே போட்டு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1960இல் ஒருவர் சர்வே எண் 45/2இல் 1 ஏக்கர் 20 சென்டில் வடபுறம் 60 சென்ட் வாங்குகிறார். யூ.டி.ஆரில் அந்த வடபுறம் 45/2ஏ ஆகிறது. பிறகு மகன்கள் பிரித்துக்கொண்டு அது 45/2ஏ1, 45/2ஏ2 ஆகிறது. மூத்தவர் 1995இல் தன் பங்கை அடமானம் வைக்கும்போது பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுபவர் 'ச.எண் 45/2இல் 30 சென்ட்' என்றே எழுதிவிடுகிறார். இன்று நீங்கள் 45/2ஏ1 என்று போட்டு ஈசி எடுத்தால் அந்த அடமானம் வராமல் போகலாம். எனவே 45, 45/2, 45/2ஏ, 45/2ஏ1 என்று தாய் எண்ணிலிருந்து பேரன் எண் வரை எல்லாவற்றுக்கும் போட வேண்டும். டவுன் சர்வே ஆகியிருந்தால் அந்த எண்ணுக்கும் தனியே.

இத்தோடு அலுவலகமும் மாறும். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கும். பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒரே எல்லையில் இருப்பதில்லை. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது போன்ற மாற்றங்கள் வேறு. இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதலான வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. பெரிய வசதி, மறுக்கவில்லை. அதற்கு முந்தைய காலத்துக்கு, அன்று அந்தக் கிராமம் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கண்டுபிடித்து அங்கே மனுப் போட்டுத் தேட வேண்டும். கணினியில் வரவில்லை என்பதால் பத்திரமே இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் இன்று அதிகம்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது சலுகை அல்ல, உரிமை. பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுத்து வைக்கப்படும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அகரவரிசை அட்டவணைகளையும், பதிவு மறுக்கப்பட்டதன் காரணங்கள் உள்ள 2ஆம் புத்தகத்தையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம். நீங்கள் வாங்குபவராகவோ உறவினராகவோ இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லவும் சட்டம் கேட்கவில்லை. உயில்களுக்கான 3ஆம் புத்தகம் அப்படியல்ல: எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும்தான் நகல். பலவகை ஆவணங்களின் 4ஆம் புத்தகத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே நகல். பவர் பத்திரங்கள் நெடுங்காலம் அந்த 4ஆம் புத்தகத்தில்தான் ஒளிந்திருந்தன. வாங்குபவர் ஈசியில் பார்த்தால் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவரின் மனை ஒன்று இரண்டு பேருக்கு விற்கப்பட்ட கதைகள் பலவற்றின் மூலம் அதுதான். 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் அசையாச் சொத்து குறித்த பவரையும், வங்கியில் அசல் பத்திரம் வைத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தத்தையும் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் ஈசியில் தெரியாமலே இருக்கலாம். அசல் எங்கே என்ற கேள்விக்கு "தொலைந்துபோச்சு" என்று பதில் வந்தால் நான் பேனாவை மூடிவைத்துவிடுவேன்.

ஈசி காட்டாதவற்றில் இன்னும் சில இருக்கின்றன. பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கலாம் என்கிறது 23ஆம் பிரிவு. பதிவானால் அது எழுதிய நாளிலிருந்தே செயல்படும் என்கிறது 47ஆம் பிரிவு. நீங்கள் இன்று சுத்தமான ஈசி எடுத்துப் பணம் கொடுத்துப் பதிந்த பிறகு, இரண்டு மாதம் முன்பே எழுதப்பட்ட வேறொரு பத்திரம் பதிவுக்கு வரலாம், முன்னுரிமை அதற்குத்தான். நடப்பது அரிது. நடந்தால் வழக்கு உங்கள் ஆயுளைத் தாண்டும். நிலத்தின் மேல் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் ஈசியில் வர வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அதைப் பதிவு செய்யச் சட்டம் வைத்திருக்கிறார்கள். நாம் நீதிமன்ற இணையதளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தனியாகத் தேட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம் குடும்பத்துக்குள் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் வாரிசுகளுக்கு உரிமை அந்த நிமிடமே போய்விடுகிறது. அதற்குப் பத்திரம் கிடையாது, எனவே ஈசியும் கிடையாது. அண்ணன் தம்பிகள் கூர்ச்சீட்டு எழுதிப் பிரித்துக்கொள்வார்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பட்டா மாற்றுவார்கள், விற்பார்கள். அக்காவும் தங்கையும் அந்தத் தாள்கள் எதிலும் இருக்க மாட்டார்கள். தமிழ்நாடு 1989இல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் ஓரளவு நிம்மதி. "பொண்ணுங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு சார்" என்பார்கள். போட்ட நகை விடுதலைப் பத்திரம் ஆகாது. எந்த இணையதளத்திலும் இதற்குத் தேடல் பெட்டி இல்லை. வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, அந்தப் பெண்களோடு நேரில் பேச வேண்டும்.

இப்போது வருவாய்த்துறைப் பக்கம். பட்டா, சிட்டா, அடங்கல் என்று மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டு நான்காவதை மறந்துவிடுகிறோம். என் கணக்கில் கிராமத்தின் மிக முக்கியமான புத்தகம் அந்த நான்காவதுதான்: அ பதிவேடு. சிட்டா ஆளை வைத்து எழுதப்பட்டது. இன்னாருக்கு எந்தெந்த நிலம் என்று சொல்லும். அ பதிவேடு நிலத்தை வைத்து எழுதப்பட்டது. 1ஆம் எண்ணில் தொடங்கிக் கிராமத்தின் கடைசி எண் வரை, ஏரி, வாய்க்கால், பாட்டை, சுடுகாடு உட்பட ஒன்றும் விடாமல் இருக்கும். அதில் ஒரு பத்தியில் பழைய புல எண் இருக்கிறது. நான் இவ்வளவு நேரம் புலம்பிய எண் சிக்கலை அவிழ்க்கும் முதல் நுனி அதுதான். ரயத்துவாரியா அரசு நிலமா, நன்செயா புன்செயா, தரம் என்ன, தீர்வை எவ்வளவு என்று வரிசையாகப் போய் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி வரும். அவசரக்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பல கைமாறிப்போயின. முப்பது ஆண்டு ஈசி எடுத்தால் விற்பனை, அடமானம், மீட்பு என்று அழகான சங்கிலி தெரியும், நிபந்தனை தெரியாது. அது இருப்பது பழைய அ பதிவேட்டிலும் நிலவரித் திட்டப் பதிவேட்டிலும். 1994இல் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டிய துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். அந்த மக்கள் கையில் வைத்திருந்த வாதம் ஒரு பழைய பதிவேட்டின் வரிதான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

கோயில் மானியங்களுக்கும் இப்படித்தான். 1858இல் டெய்லர் தலைமையில் அமைந்த இனாம் ஆணையம் கிராமம் கிராமமாக விசாரித்து எழுதிய இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மானியம் கோயிலுக்கா, பூசை செய்யும் ஊழியத்துக்கா, தனி ஆளுக்கா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் இன்றும் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகின்றன. ஏரியின் பழைய பரப்பு எவ்வளவு என்று நிறுவவும் அதே மாதிரிப் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுதான் ஆதாரம். நிலப் பதிவேட்டைத் தேடுவது மனை வாங்குபவரின் வேலை என்று நினைக்கிறோம். ஏரியை வாங்க யாரும் வருவதில்லை; ஆகவே அதன் பதிவேட்டைத் தேடவும் யாரும் வருவதில்லை.

புல வரைபடத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அதன் கோடுகளின் மேல் எழுதியிருக்கும் எண்கள் இன்று மீட்டர். பழைய படங்களில் லிங்க்ஸ். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க்ஸ், 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், அதுதான் நாம் வாய்ப்பாடாகச் சொல்லும் 435.6 சதுர அடி. பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், ஏறத்தாழ 30.9 சென்ட். பத்திரத்தில் 33 சென்ட் என்று இருக்கும். அந்த இரண்டு சென்ட் வாய்க்காலில் போயிற்றா, பக்கத்து வயலில் போயிற்றா, முதலிலேயே இல்லையா என்பதை வரைபடத்தோடு தரையில் நின்று, சர்வேயரை வைத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். பொதுவாகப் பரப்புக்கும் நான்கு எல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றம் எல்லையைத்தான் நம்பும்.

அ பதிவேடும் புல வரைபடமும் இன்று வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. எனக்குள்ள குறை, அங்கே இருப்பது யூ.டி.ஆருக்குப் பிந்தைய முகம் மட்டும் என்பதுதான். யூ.டி.ஆரில் தவறாக ஏறிய பெயர் கணினியிலும் தவறாகவே ஏறி, இப்போது பார்கோடு, கையொப்பத்தோடு அழகாக அச்சாகி வருகிறது. அதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் போக வேண்டும், போகிறவருக்கு யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல் வேண்டும். அந்தப் புத்தகமோ ஏதோ ஒரு பதிவறையில் தொட்டால் உதிரும் நிலையில் கிடக்கிறது. புதிய செயலிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பழைய பதிவேடுகளையும் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலையும் படமெடுத்து இணையத்தில் வைக்கச் செலவிடலாம். திறந்துவிட்டால் வழக்கு பெருகும் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதுண்டு. பெருகட்டும். மூடிவைத்தால் வழக்கு குறைவதில்லை. பணமும் பழக்கமும் உள்ளவருக்கு மட்டும் நகல் கிடைக்கிறது.

தனிமனித அந்தரங்கம் என்ற எதிர்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஒருவரின் பெயரைத் தட்டினால் அவருடைய சொத்து முழுவதும் பட்டியலாக வருவது எனக்கும் உவப்பில்லை. ஒரு நிலத்தின் எண்ணைத் தட்டினால் அதன் வரலாறு முழுவதும் வர வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். வருவாய்த்துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதையொட்டி, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டத்திலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் தணிக்கைக்காக மேசைக்கு வரும் நாள் அது. உங்கள் கிராமத்துக்கு ஒதுக்கிய நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் வீட்டு நிலத்தின் சர்வே எண்ணோடு ஊர் ஏரியின் சர்வே எண்ணையும் எழுதி எடுத்துப் போங்கள். அ பதிவேட்டில் இரண்டையும் குறிப்புப் பத்தி வரை படியுங்கள். பெயரோ பரப்போ தவறாக இருந்தால் அன்றே மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.